கேட்பவர் சொல்பவராகும் வகுப்பறை: ஹைதராபாத் உயர்கல்வியில் மின்னிலக்கக் கதையும் மெய்நிகர் வேடமும்

1975 ஆகஸ்ட் 1ஆம் தேதி, நாசாவிடம் ஓராண்டுக்குப் பெற்ற ஏ.டி.எஸ்.-6 செயற்கைக்கோள் வழியாக, ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 கிராமங்களுக்குக் கல்வித் தொலைக்காட்சி போய்ச் சேர்ந்தது. ‘சைட்’ என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட அந்தச் சோதனைக்கு நிகழ்ச்சிகள் தயாரித்த மூன்று மையங்களில் ஒன்று ஹைதராபாத். மற்றவை தில்லியும் கட்டக்கும். அந்நாளில் தூர்தர்ஷன் தயாரிப்பாளராக இருந்து கிராமத்து மக்களுக்காக நிகழ்ச்சி செய்தவர்களில் ஒருவர் பி.வி. சதீஷ்.

பிற்பாடு அவர் தக்காண வளர்ச்சிச் சங்கத்தின் இயக்குநரானார். ஹைதராபாத்திலிருந்து சுமார் நூறு கிலோமீட்டர் தொலைவில், ஜஹீராபாத்துக்கு அருகே பஸ்தாபூரில் அந்தச் சங்கம் தலித் பெண்களின் கையில் கேமராவைக் கொடுத்தது. பள்ளிக்கூடமே போகாத பெண்கள் படம்பிடிக்கவும் படத்தொகுப்புச் செய்யவும் கற்றார்கள். வாரங்கல் பருத்தி விவசாயிகள் மரபணு மாற்றப்பட்ட பி.டி. விதையை நம்பிப் பட்ட பாட்டை அவர்களே ஆவணப்படமாக எடுத்தார்கள். 2008 அக்டோபர் 15 அன்று, அவர்கள் நடத்தும் ‘சங்கம் வானொலி’ மாச்சனூரிலிருந்து உரிமத்தோடு ஒலிபரப்பைத் தொடங்கியது.

சைட் காலத்தில் கிராமம் உட்கார்ந்து கேட்டது. பஸ்தாபூரில் கிராமம் எழுந்து பேசியது. ஒரே மனிதரின் பணிவாழ்க்கைக்குள் நடந்த இந்த மாற்றம், நம் பல்கலைக்கழகங்களுக்குள் இன்னும் முழுமையாக நடக்கவில்லை. விரிவுரையைப் பதிவுசெய்து இணையத்தில் ஏற்றுவதையே நாம் மின்னிலக்கக் கல்வி என்று கருதி வருகிறோம். மாணவர் அங்கேயும் கேட்பவராகவே இருக்கிறார். அவரைச் சொல்பவராகவும் முடிவெடுப்பவராகவும் மாற்றும் இரண்டு கற்பித்தல் வழிகள் உண்டு: ஒன்று மின்னிலக்கக் கதைசொல்லல், மற்றொன்று மெய்நிகர் பாத்திரமேற்பு. இவை எங்கிருந்து வந்தன, உண்மையில் எதைக் கற்றுத்தருகின்றன, எங்கே தோற்கின்றன, ஹைதராபாத் போன்ற நகரத்தில் இவற்றை எப்படி வேரூன்றச் செய்யலாம் என்பதை இக்கட்டுரை பரிசீலிக்கிறது.

இரண்டு வழிகள், ஒரே அடிப்படை

மின்னிலக்கக் கதை என்பது மாணவர் தாமே எழுதித் தம் குரலில் பதிவுசெய்யும் ஒரு சிறு படைப்பு. நிழற்படம், ஓவியம், காணொளித் துணுக்கு, சூழலின் ஓசை ஆகியவற்றை அந்தக் குரலோடு கோத்து, இரண்டு முதல் ஐந்து நிமிடத்துக்குள் முடிப்பார்கள். 1990களின் தொடக்கத்தில் சான்பிரான்சிஸ்கோவில் ஜோ லாம்பர்ட், டானா ஆட்ச்லி, நினா மல்லன் ஆகியோர் நடத்திய பயிலரங்குகளில் இந்த வடிவம் உருப்பெற்றது. 2001இல் பிபிசி இதை வேல்ஸ் மக்களிடம் கொண்டுசென்றது. அங்கிருந்து ஆசிரியர் பயிற்சி, செவிலியர் கல்வி, மொழிக் கல்வி, வரலாறு எனப் பல துறைகளுக்கு இது பரவியது.

மெய்நிகர் பாத்திரமேற்பில் மாணவர் வேறொருவரின் இடத்தில் நின்று பேசுகிறார், பேரம் பேசுகிறார், முடிவெடுக்கிறார். அந்த மேடை முப்பரிமாண உலகமாக இருக்கலாம், கணினித் திரையில் ஓடும் சிமுலேட்டராக இருக்கலாம், பாத்திரத்தின் பெயரில் எழுதும் சாதாரணக் குழு உரையாடலாகவும் இருக்கலாம். விலை உயர்ந்த கருவி இருந்தால்தான் இது மெய்நிகர் என்ற எண்ணம் தவறு. கற்பனையான சூழலும், அதற்குள் உண்மையான பொறுப்பும் இருந்தால் போதும்.

கதை சொல்பவர் எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று தேர்ந்தெடுக்கிறார். வேடமேற்பவர் எதைக் கேட்பது, எதை விட்டுக்கொடுப்பது என்று தேர்ந்தெடுக்கிறார். இரண்டிலும் தேர்வுக்குக் காரணம் சொல்லியாக வேண்டும். விரிவுரைக் கூடத்தில் மாணவருக்குக் கிடைக்காத வாய்ப்பு அது.

நகரத்துக்குப் புதிதல்ல

இந்த முறைகளை மேற்கிலிருந்து இறக்குமதியான புதுமையாகப் பார்க்க வேண்டியதில்லை. ஹைதராபாத்துக்கு வடகிழக்கே இருக்கும் சேரியாலில் நகாஷி ஓவியர்கள் துணிச்சுருள்களில் கதைகளைக் கட்டம் கட்டமாகத் தீட்டினார்கள். கதைசொல்லிகள் சுருளை விரித்துக்கொண்டே ஊர் ஊராகக் கதை சொன்னார்கள். காட்சியும் குரலும் சேர்ந்து நகரும் அந்த வடிவமே இன்று திரையில் மாணவர்கள் செய்யும் கதைக்கும் அடிப்படை. ஒக்கு கதைக் கலைஞர்கள் மல்லண்ணா, பீரப்பா, எல்லம்மா கதைகளைச் சொல்லும்போதே பாத்திரங்களாகவும் மாறுவார்கள். 1885இல் தொடங்கிய சுரபி நாடகக் குடும்பத்தினர் இன்றும் ஹைதராபாத்தில் மேடையேறுகிறார்கள். நம் பக்கத்தில் வில்லுப்பாட்டும் தெருக்கூத்தும் இதே வேலையைச் செய்தன. 1990களின் அறிவொளி இயக்கம் எழுத்தறிவைப் பரப்பக் கலைக்குழுக்களையே நம்பியது.

தொழில்நுட்பத்தின் பக்கமும் நகரம் முந்தியே இருந்தது. இந்தியாவின் முதல் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1982இல் இங்கேதான் தோன்றியது. இன்று அது டாக்டர் பி.ஆர். அம்பேத்கர் திறந்தநிலைப் பல்கலைக்கழகம். 1984 ஆகஸ்ட் 15 முதல் பல்கலைக்கழக மானியக் குழு தூர்தர்ஷனில் நடத்திய நாடு தழுவிய வகுப்பறை நிகழ்ச்சிகளுக்காகப் பல பல்கலைக்கழகங்களில் தயாரிப்பு மையங்கள் அமைந்தன. ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகத்தில் அத்தகைய பல்லூடக ஆய்வு மையம் இருக்கிறது. மத்திய அரசின் மெய்நிகர் ஆய்வகத் திட்டத்தில் ஐஐஐடி ஹைதராபாத் பங்கேற்பு நிறுவனம். ‘சோட்டா பீம்’ அனிமேஷன் தொடரை உருவாக்கிய கிரீன் கோல்டு நிறுவனத்தின் ஊரும் இதுவே.

கதை மரபு, கலையகம், கணினித் திறன், அனிமேஷன் தொழில் ஆகிய நான்கும் ஒரே நகரத்தில் இருக்கின்றன. ஆனால் அவை ஒரே வகுப்பறையில் சந்திப்பது அரிதாகவே இருக்கிறது.

கதை சொல்லும்போது மாணவர் கற்பது

மூன்று நிமிடக் கதைக்குச் சுமார் முந்நூறு, நானூறு சொற்கள்தான் தேவை. இந்தச் சுருக்கமே முதல் பாடம். இருபது பக்க ஒப்படைப்பில் தெரியாததை மறைக்க இடமுண்டு. நானூறு சொற்களில் மறைக்க இடமில்லை. தன் கேள்வி என்ன என்று தெரியாத மாணவரால் முதல் வாக்கியத்தையே எழுத முடியாது.

இரண்டாவது பாடம் ஆதாரம். பாட்டி சொன்ன வறட்சி எந்த ஆண்டு வந்தது, அந்தப் படத்தை யார் எடுத்தார்கள், அந்தப் பாட்டைப் பயன்படுத்த உரிமை உண்டா என்ற கேள்விகள் வேலையின் நடுவே தாமாக எழும். 2014 டிசம்பரில் பி. சாய்நாத் தொடங்கிய கிராமப்புற இந்தியாவின் மக்கள் ஆவணக் காப்பகமான ‘பாரி’, கல்விக்கென ஒரு பிரிவை வைத்து மாணவர்களின் களப் பதிவுகளை வெளியிடுகிறது. மாணவர் அனுப்பும் கட்டுரை அங்கே பத்திரிகை ஆசிரியரின் மேசையைக் கடந்தே வெளியாகிறது. தமிழிலும் வாசிக்கக் கிடைக்கிறது. மதிப்பெண்ணுக்காக எழுதி அலமாரியில் முடங்கும் ஒப்படைப்புக்கும், ஊரறிய வெளியாகிப் பிறர் கேள்வி கேட்கும் எழுத்துக்கும் உள்ள வேறுபாட்டை அந்த மாணவர்கள் நேரடியாக உணர்கிறார்கள்.

மூன்றாவது பாடம் குரல். வானொலி இதை முன்பே காட்டியது. 2004இல் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் இந்தியாவின் முதல் வளாக சமுதாய வானொலி தொடங்கியது. ஹைதராபாத் பல்கலைக்கழகத்துக்கும் ‘போல் ஹைதராபாத்’ என்ற வளாக வானொலி உண்டு. அந்தப் பல்கலைக்கழகத்தின் தொடர்பியல் துறையில்தான் சமுதாய ஊடகத்துக்கான யுனெஸ்கோ இருக்கை அமைந்திருக்கிறது. அதன் பேராசிரியர் வினோத் பாவராலாவும் காஞ்சன் மாலிக்கும் இந்தியச் சமுதாய வானொலி குறித்து எழுதிய நூல் 2007இல் வெளிவந்தது. சமுதாய வானொலிக் கொள்கைக்காகக் குரல் கொடுத்த கூட்டங்களில் ஒன்று 2000ஆம் ஆண்டு பஸ்தாபூரில் நடந்தது. கல்விக்கூடமும் களமும் கைகோத்த வரலாறு இங்கே இருக்கிறது. அந்த வரலாறு ஊடகத் துறையோடு நின்றுவிட்டது. வரலாறு, சமூகவியல், பொது சுகாதாரம், நகரமைப்பு ஆகிய துறைகளுக்கும் அது சேர வேண்டும்.

மொழி இதில் மையமான விஷயம். ஹைதராபாத் வகுப்பறையில் தெலுங்கு, உருது, தக்கணி, இந்தி, மராத்தி, தமிழ் என வீட்டுமொழிகள் பல. பாடமோ பெரும்பாலும் ஆங்கிலத்தில். 1918இல் தொடங்கிய உஸ்மானியா பல்கலைக்கழகம் உருதுவைப் பயிற்றுமொழியாக வைத்து, மருத்துவமும் பொறியியலும்கூட இந்திய மொழியில் கற்பிக்க முடியும் என்று காட்டியது. அதற்கென மொழிபெயர்ப்புத் துறையே நடத்தியது. மாணவர் தம் மொழியில் கதையைப் பதிவுசெய்து, கீழே ஆங்கில வரிகளைச் சேர்ப்பது இன்று கைப்பேசியிலேயே நடக்கும் காரியம். ஆங்கிலத் தயக்கத்தால் கடைசி வரிசையில் மௌனமாக இருப்பவரிடம் உள்ள அறிவு அப்போதுதான் வகுப்புக்குத் தெரியவரும்.

வேடமேற்கும்போது மாணவர் கற்பது

பாத்திரமேற்புக்கும் இந்நகரில் பழைய வேர் உண்டு. 1956இல் நிறுவப்பட்ட இந்திய நிர்வாகப் பணியாளர் கல்லூரி, அனுபவமுள்ள அதிகாரிகளைக் குழுக்களாக அமர்த்தி, நிகழ்வாய்வுகளின் வழியே விவாதிக்கவும் முடிவெடுக்கவும் பழக்கியது. நல்சார் சட்டப் பல்கலைக்கழகம் உள்ளிட்ட சட்டக் கல்விக்கூடங்களில் மாதிரி நீதிமன்றம் பாடத்தின் அங்கம். நாடாளுமன்ற விவகார அமைச்சகம் 1966 முதல் இளைஞர் நாடாளுமன்றப் போட்டி நடத்துகிறது. 1990களின் இறுதியில் அது பல்கலைக்கழகங்களுக்கும் விரிந்தது. ஆகவே பாத்திரமேற்பு நம் கல்விக்குத் தெரியாத ஒன்றல்ல. ஆனால் பெரும்பாலான துறைகளில் போட்டிக்கும் விழாவுக்கும் அதை ஒதுக்கிவிட்டு, பாடவேளையை விரிவுரைக்கே விட்டுவிட்டோம்.

பாடவேளைக்குள்ளேயே அதைக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் நியூயார்க்கின் பார்னார்டு கல்லூரி வரலாற்றுப் பேராசிரியர் மார்க் கார்ன்ஸ். 1990களின் நடுவில் அவர் உருவாக்கிய முறையில் மாணவர்கள் பல வாரங்களுக்கு வரலாற்றுப் பாத்திரங்களாக வாழ்கிறார்கள். மூல ஆவணங்களைப் படித்துப் பேசுகிறார்கள், எழுதுகிறார்கள், வாக்களிக்கிறார்கள். முடிவு முன்கூட்டியே எழுதப்பட்டிருக்காது. அந்த வரிசையில் ஒன்று 1945 சிம்லா மாநாட்டை மையமாகக் கொண்டது. காந்தி, ஜின்னா, அம்பேத்கர் ஆகியோராகவும் சமஸ்தானங்களின் சார்பாகவும் அமெரிக்க மாணவர்கள் வேடமேற்று விவாதிக்கிறார்கள். நிஜாமின் தலைநகரில் வரலாறு படிக்கும் மாணவருக்கு அது வீட்டுக் கதை. 1948 செப்டம்பரில் இந்திய ராணுவம் நுழைவதற்கு முன் இந்நகரில் நடந்த வாதங்களை அப்படி நிகழ்த்திப் பார்க்கும் பாடம் எவ்வளவு ஆழமாகப் பதியும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

மெய்நிகர் உலகங்களின் வரலாறு ஓர் எச்சரிக்கையையும் தருகிறது. 2003இல் லிண்டன் லேப் தொடங்கிய ‘செகண்ட் லைஃப்’ உலகில் பல பல்கலைக்கழகங்கள் சொந்தத் தீவுகள் வாங்கி வகுப்பெடுத்தன. 2006இல் ஹார்வர்டு சட்டப் பள்ளியின் ஒரு பாடம்கூட அங்கே நடந்தது. 2010இல் அந்நிறுவனம் கல்விக்கூடங்களுக்கான கட்டணச் சலுகையை நிறுத்துவதாக அறிவித்தது. 2013இல் சலுகை திரும்ப வந்தபோது பலர் வெளியேறியிருந்தார்கள். பாடத்தை ஒரு தனியார் மேடையின் மேல் கட்டினால், மேடைக்காரர் வாடகையை உயர்த்தும் நாளில் பாடமும் சரியும். எந்த மேடைக்கும் மாற்றிக்கொள்ளக்கூடிய வகையில் பாத்திரக் குறிப்பும் ஆவணத் தொகுப்பும் ஆசிரியரின் கையில் இருக்க வேண்டும்.

இந்தியாவில் பாத்திரமேற்பைப் பாடத்திட்டத்துக்குள் உறுதியாகக் கொண்டுவந்திருக்கும் துறைகளில் ஒன்று மருத்துவக் கல்வி. 2019 முதல் நடைமுறைக்கு வந்த திறன்சார் எம்பிபிஎஸ் பாடத்திட்டத்தில் மனப்பாங்கு, அறம், தகவல்தொடர்பு ஆகியவற்றுக்கெனத் தனிப் பகுதி உண்டு. கெட்ட செய்தியை நோயாளியின் குடும்பத்துக்கு எப்படிச் சொல்வது, ஒப்புதல் எப்படிப் பெறுவது என்பவற்றை மாணவர்கள் நடித்துப் பழக வேண்டும். நோயாளியிடம் முதல் தவறைச் செய்வதைவிட நடிப்பில் முதல் தவறைச் செய்வது மேல் என்ற எளிய நியாயம் இதன் பின்னால் இருக்கிறது. அந்த நியாயம் ஆசிரியருக்கும் பொருந்தும், வழக்கறிஞருக்கும் பொருந்தும், வட்டாட்சியருக்கும் பொருந்தும்.

ஆய்வுகள் காட்டுவது

இந்த முறைகள் பலன் தருமா என்ற கேள்விக்கு ஆர்வத்தால் பதில் சொல்ல முடியாது. கிடைத்திருக்கும் சான்றுகளில் சிலவற்றைப் பார்ப்போம்.

2002இல் யேல் பல்கலைக்கழகத்தில் அறுவைப் பயிற்சி மருத்துவர்கள் 16 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. மெய்நிகர் சிமுலேட்டரில் பழகியவர்கள் பித்தப்பை அறுவையின் ஒரு கட்டத்தை மற்றவர்களைவிட 29 விழுக்காடு விரைவாக முடித்தார்கள், தவறுகளும் குறைந்தன. கைத்திறனைப் பொறுத்தவரை மெய்நிகர்ப் பயிற்சியின் பலன் தெளிவாகத் தெரிகிறது.

2005இல் இஸன்பெர்க் குழுவினர் மருத்துவ சிமுலேட்டர்கள் குறித்த 109 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். கற்றலுக்கு உதவிய அம்சங்களில் முதலிடம் பெற்றது பின்னூட்டம். திரும்பத் திரும்பப் பழகுவது அடுத்து வந்தது. பின்னூட்டம் கருவியிலிருந்து வந்ததா, பயிற்றுநரிடமிருந்து வந்ததா என்பதைவிட அது கிடைத்ததே முக்கியமாக இருந்தது.

கருத்தியல் பாடங்களில் நிலைமை வேறு. ஐரோப்பியப் பல்கலைக்கழகம் ஒன்றின் 52 மாணவர்களை வைத்து மக்ரான்ஸ்கி குழுவினர் செய்த ஆய்வில், ஒரே அறிவியல் சிமுலேஷனைத் தலையில் மாட்டும் மெய்நிகர்க் கருவியில் (விஆர்) பார்த்தவர்கள் ‘அங்கேயே இருந்தது போன்ற’ உணர்வை அதிகம் பெற்றார்கள். ஆனால் சாதாரணத் திரையில் பார்த்தவர்களைவிடக் குறைவாகவே கற்றார்கள். 2018இல் பரோங்கும் ரிச்சர்டு மேயரும் வெளியிட்ட ஆய்விலும் விஆர் பாடத்தைவிட எளிய ஸ்லைடுகளில் படித்தவர்கள் தேர்வில் மேலாகச் செய்தார்கள். அதே ஆய்வின் இரண்டாம் பகுதிதான் நமக்கு முக்கியம். விஆர் பாடத்தை இடையிடையே நிறுத்தி, பார்த்ததைச் சுருக்கி எழுதச் சொன்னபோது கற்றல் உயர்ந்தது.

இவற்றையெல்லாம் சேர்த்துப் படித்தால் ஒரு தீர்ப்புக் கிடைக்கிறது. கதையோ வேடமோ அனுபவத்தைத் தருகிறது. அனுபவத்தை அறிவாக்குவது அதற்குப் பிறகு நடக்கும் பேச்சும் எழுத்தும். அந்தப் பின்கலந்துரையாடலுக்கு நேரம் ஒதுக்காத வகுப்பில், எவ்வளவு விலை உயர்ந்த கருவி இருந்தாலும் அது பொழுதுபோக்காக முடியும். ஒரு மணி நேரப் பாத்திரமேற்புக்கு அதே அளவு நேரமாவது பின்பேச்சு வேண்டும் என்பதை ஆசிரியர்கள் விதியாகவே கொள்ளலாம்.

தடைகள்

முதல் தடை வசதி. 2017-18இல் எடுக்கப்பட்ட தேசிய மாதிரி ஆய்வின் 75ஆவது சுற்றுப்படி, நாட்டின் கிராமப்புற வீடுகளில் கணினி இருந்தது 4.4 விழுக்காட்டில், நகர்ப்புறத்தில் 23.4 விழுக்காட்டில். 2020 ஊரடங்கின்போது ஹைதராபாத் பல்கலைக்கழகம் தன் மாணவர்களிடம் ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. ஏறத்தாழ 2,500 பேர் பதிலளித்தார்கள். பத்தில் ஒன்பது பேரிடம் கைப்பேசி இருந்தும், இணைய வகுப்பில் கலந்துகொள்ள முடியும் என்றவர்கள் 37 விழுக்காடு மட்டுமே. 18 விழுக்காட்டினருக்கு இணைய வசதியே கிட்டவில்லை. அதன் பிறகு இணையம் பரவியிருக்கலாம். ஆனாலும் வளாகத்தில் கருவி, வீட்டில் கைப்பேசி, ஊரில் விட்டு விட்டு வரும் சிக்னல் என்பதுதான் பல மாணவர்களின் நிலை. எனவே பாடத்தின் குறைந்தபட்சத் தேவை ஒரு சாதாரணக் கைப்பேசியாக இருக்க வேண்டும். ஒலிக்கதை, நிழற்படக் கதை, எழுத்துவழிப் பாத்திரமேற்பு மூன்றும் குறைந்த டேட்டாவில் நடக்கும். கிளைக்கதைகள் அமைக்க உதவும் ‘ட்வைன்’ என்ற இலவசக் கருவி, முழுக் கதையையும் ஒரே கோப்பாகத் தருகிறது. இணையம் இல்லாமலும் அதைத் திறக்கலாம், தமிழிலும் தெலுங்கிலும் எழுதலாம்.

இரண்டாவது தடை மதிப்பெண். பருவத் தேர்வின் கேள்வித்தாள் மனப்பாடத்தைக் கேட்கும்வரை மாணவர் கதையையும் வேடத்தையும் கூடுதல் சுமையாகவே பார்ப்பார். அவர் பார்வையில் அது நியாயம்தான். கேட்காத ஒன்றை அவர் ஏன் ஆழமாகச் செய்ய வேண்டும்?

மூன்றாவது தடை ஆசிரியரின் நேரம். அறுபது மாணவர்களின் கதை வரைவைப் படித்துக் கருத்துச் சொல்வது, அறுபது விடைத்தாளைத் திருத்துவதைவிட அதிக உழைப்பு. பணிச்சுமைக் கணக்கில் அதற்கு இடம் இல்லை. தொகுப்பூதியத்தில் பல வகுப்புகளைச் சுமக்கும் கௌரவ விரிவுரையாளரிடம் இதை விருப்பப் பணியாக எதிர்பார்ப்பது அநீதி.

அறம்

கதை கேட்பது என்றால் ஒருவரின் வாழ்க்கையைக் கேட்பது. வகுப்பில் சொன்ன வேதனை கைப்பேசிகளில் பரவினால் அந்த மாணவருக்கு ஏற்படும் காயத்தை எந்த மதிப்பெண்ணும் ஆற்றாது. ஆகவே சொந்தக் கதையைக் கட்டாயமாக்கக் கூடாது. ஊர்க் கதை, தொழிலின் கதை, ஒரு பொருளின் கதை ஆகியவற்றுக்கும் இடம் வேண்டும். வகுப்பில் காட்டுவதற்கு ஓர் ஒப்புதல், வெளியே பதிவேற்ற வேறொரு ஒப்புதல், பின்னர் திரும்பப் பெறும் உரிமை ஆகிய மூன்றும் எழுத்தில் இருக்க வேண்டும். 2023ஆம் ஆண்டின் மின்னிலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களின் தரவுக்குப் பெற்றோர் ஒப்புதல் கேட்கிறது. இளநிலை முதலாம் ஆண்டில் பதினேழு வயது மாணவர்கள் உண்டு என்பதை ஆசிரியர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

பாத்திரமேற்பில் ஆபத்து வேறு வகை. சாதி இழிவையோ மதக் கலவரத்தையோ நடிக்கச் சொன்னால், மேலிருந்து வந்த மாணவருக்கு அது பாடம், அடிபட்ட குடும்பத்து மாணவருக்கு அது மீண்டும் ஓர் அடி. வன்முறையை நிகழ்த்திக் காட்ட வேண்டியதில்லை. அதைப் பற்றி முடிவெடுத்த சபையை, வழக்கை, விசாரணையைப் பாத்திரமேற்கலாம். காரணம் சொல்லாமலே பாத்திரத்திலிருந்து விலகும் உரிமை எல்லோருக்கும் வேண்டும். இன்று செயற்கை நுண்ணறிவே நோயாளியாகவும் கட்சிக்காரராகவும் பேசும் செயலிகள் வந்துவிட்டன. பயிற்சிக்கு அவை உதவும். ஆனால் தெலங்கானா கிராமத்து முதியவர் தம் வலியைச் சொல்லும் விதம் அவற்றுக்குத் தெரியும் என்று நம்பக் கூடாது. பாத்திரக் குறிப்பை ஆசிரியர் எழுத வேண்டும், உண்மையான நபரின் விவரம் எதுவும் அவற்றுக்குள் போகக் கூடாது.

மூசி: ஒரு பாடத்தின் வரைவு

இதெல்லாம் நடைமுறையில் எப்படி அமையும் என்பதற்கு நகரத்தின் ஆற்றையே எடுத்துக்கொள்வோம். 1908 செப்டம்பர் 28 அன்று மூசி ஆற்றில் வந்த வெள்ளம் ஏறத்தாழ 15,000 பேரைக் கொன்றதாகக் கணக்கிடப்படுகிறது. உஸ்மானியா மருத்துவமனை வளாகத்திலிருக்கும் புளியமரத்தில் ஏறிப் பலர் உயிர்தப்பினார்கள். பிறகு பொறியாளர் விஸ்வேஸ்வரய்யா அளித்த ஆலோசனையின் பேரில் உஸ்மான் சாகர், ஹிமாயத் சாகர் நீர்த்தேக்கங்கள் கட்டப்பட்டன. அவற்றின் நீர்ப்பிடிப்பைக் காக்க 1996இல் வந்த 111ஆம் எண் அரசாணை, 84 கிராமங்களில் கட்டுமானத்துக்குக் கட்டுப்பாடு விதித்தது. 2022இல் அரசு அந்தக் கட்டுப்பாட்டை விலக்கி ஆணையிட்டது. 2020 அக்டோபரில் நகரம் மறுபடி வெள்ளத்தில் மூழ்கியது. 2024இல் மூசி நதிக்கரைத் திட்டத்துக்காகக் கரையோர வீடுகளைக் கணக்கெடுத்தபோது எதிர்ப்பு எழுந்தது.

இதை எட்டு வாரப் பாட அலகாக்கலாம். முதல் இரண்டு வாரம் ஆவணமும் களமும்: பழைய வரைபடங்கள், அரசாணைகள், கரையோரக் குடும்பங்களோடு உரையாடல். அடுத்த இரண்டு வாரத்தில் ஒவ்வொருவரும் மூன்று நிமிடக் கதை ஒன்றைத் தம் மொழியில் செய்வார்கள். மாணவர்கள் ஒருவர் வரைவை ஒருவர் கேட்டுத் திருத்துவார்கள். ஐந்தாம் வாரத்தில் பாத்திரங்கள் வழங்கப்படும்: 84 கிராமங்களில் ஒன்றில் நிலம் வைத்திருக்கும் விவசாயி, கட்டுமான நிறுவனத்தின் பிரதிநிதி, நீரியல் நிபுணர், கீழ்ப்பாய்ச்சலில் குடியிருக்கும் தொழிலாளி, நகராட்சிப் பொறியாளர், சுற்றுச்சூழல் வழக்கறிஞர், அமைச்சரவைச் செயலர். கேள்வி ஒன்றுதான்: அரசாணையை வைத்துக்கொள்வதா, விலக்குவதா, திருத்துவதா? இரண்டு வாரம் அவர்கள் பாத்திரத்தின் பெயரில் குழு உரையாடலில் எழுதுவார்கள். ஆசிரியர் இடையில் புதிய ஆவணங்களை வெளியிடுவார், மழை அளவும் நிலவிலையும் அவற்றில் இருக்கும். ஏழாம் வாரம் நேரடி விசாரணையும் வாக்கெடுப்பும் நடக்கும். எட்டாம் வாரம் முழுக்கப் பின்கலந்துரையாடலுக்கு: பாத்திரத்தின் வாதத்தில் எது வலுவானது, எது ஆதாரமற்றது, நான் நம்புவது என்ன?

மதிப்பெண்ணும் இதற்கேற்ப அமைய வேண்டும். அக மதிப்பீடு 40 என்றால் கதைக்கு 10, அதில் ஆதாரத்துக்கே முதன்மை. பாத்திரத்தின் வாதங்களுக்கு 10. சக மாணவருக்கு அளித்த கருத்துக்கு 5. தனியாக எழுதும் சிந்தனைக் குறிப்புக்கு 15. நடிப்புக்கும் படத்தொகுப்பின் பளபளப்புக்கும் மதிப்பெண் கிடையாது. நல்ல லேப்டாப் வைத்திருப்பவர் அதனாலேயே முந்திவிடக் கூடாது.

சென்னையில் அடையாற்றை வைத்தும், மதுரையில் வைகையை வைத்தும், யாழ்ப்பாணத்தில் நிலத்தடி நீரை வைத்தும் இதே வரைவைப் பயன்படுத்தலாம்.

பல்கலைக்கழகங்களிடம் கேட்பது

மூன்று முடிவுகள் உடனடியாகத் தேவை. ஒன்று, ஒவ்வொரு இளநிலைப் பாடத்திலும் ஓர் அலகையாவது கதை அல்லது பாத்திரமேற்பின் வழியாக நடத்தவும் மதிப்பிடவும் பாடத்திட்டக் குழுக்கள் அனுமதிக்க வேண்டும். இரண்டு, அத்தகைய அலகை நடத்தும் ஆசிரியருக்குப் பணிச்சுமைக் கணக்கில் கூடுதல் மணிநேரம் வழங்க வேண்டும். மூன்று, விஆர் கருவிகளுக்கு நிதி ஒதுக்கும் முன், ஒலிப்பதிவுக்கு ஓர் அமைதியான அறை, மாணவர்களுக்கு இரவலாகத் தரச் சில கைப்பேசிகள், நூலகத்தில் ஒரு மாணவர் கதைக் காப்பகம் ஆகியவற்றை அமைக்க வேண்டும். மூன்றுக்கும் ஆகும் செலவு சிறியது.

பள்ளிக்கூட வாசலை மிதிக்காத பெண்கள் கேமராவையும் வானொலியையும் கைக்கொண்டு தங்கள் மண்ணைப் பற்றி உலகத்துக்குச் சொன்ன இடம் ஹைதராபாத்திலிருந்து இரண்டு மணி நேரப் பயணத்தில் இருக்கிறது. பட்டப்படிப்பு மாணவர்களால் அது முடியாது என்று சொல்ல எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் காரணம் இல்லை. ஆசிரியர்களே, வரும் பருவத்தில் ஒரே ஓர் அலகை மாணவர்களின் குரலுக்கு விட்டுக்கொடுங்கள். அவர்கள் சொல்லி முடித்த பிறகு, அவர்களோடு உட்கார்ந்து பேச ஒரு முழு வகுப்பை ஒதுக்குங்கள்.